நாய்க்குப் பச்சை இறைச்சி ஏற்றதா?

மனிதனோடு மிக நீண்ட காலம் உறவு பூண்டு வாழும் பிராணி நாயே. அந்த உறவுக்காக அது கொடுத்த விலையும் பெரிது. தனக்கு வேண்டிய இரையைத் தானே தேடி உண்ணும் சுதந்திரத்தை அது நம் வாசற்படியில் விட்டுவிட்டது. நாம் இடுவதை உண்கிறது, இடாவிடின் காத்திருக்கிறது. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று வாய் திறந்து சொல்ல அதனால் முடியாது. ஆகவே, அதன் உணவைப் பற்றிச் சிந்திக்கும் பொறுப்பு முழுவதும் நம்மையே சார்ந்தது.

கடைகளிற் பைகளில் விற்கப்படும் உலர்ந்த தீனியை அறவே நிறுத்திவிட்டு, பச்சை இறைச்சி, எலும்பு, ஈரல் முதலியவற்றையே நாய்க்கு அளிக்கவேண்டும் என்னும் கொள்கை மேல்நாடுகளில் வலுப்பெற்றிருக்கிறது. "அதுவே இயற்கை, இயற்கையே ஆரோக்கியம்" என்பது அக்கொள்கையினரின் வாதம். நம் மாணவர்களுட் சிலரும் இதுபற்றி நம்மிடம் வினவுவதுண்டு. கேள்வி நல்ல கேள்வி. விடையையும் பொறுமையாகத் தேடவேண்டும்.

உலர்ந்த தீனி வந்த வரலாறு

நாய்க்கெனத் தனியாக உணவு செய்து விற்கும் வழக்கம் மிகப் பழையதன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்பிராற் என்பவர் 1860ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகருக்கு வந்திருந்தார். கப்பலோட்டிகள் எறிந்த கடின விசுக்கோத்துகளை நாய்கள் ஆவலோடு தின்பதைக் கண்டு, கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியன கலந்த நாய் விசுக்கோத்தை அவர் செய்து விற்கத் தொடங்கினார் என்பர். அவருடைய நிறுவனத்திற் பணியாற்றிய சாள்ஸ் கிரவ்ற் என்பவரே, 1891இல் இலண்டனில் தம் பெயரால் நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். அக்கண்காட்சி இன்றும் புகழோடு நடைபெறுகிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் தகரம் போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டமையால், தகரத்தில் அடைத்த நாயுணவு அருகி, உலர்ந்த தீனி பெருகியது. பின்னர் 1957இல் அமெரிக்காவின் பியூரினா நிறுவனம், மாவையும் இறைச்சித் தூளையும் குழைத்து, வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் துளைகளின் வழியே பிதுக்கி, பொரியைப் போல உப்பவைத்த தீனியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பைகளில் வரும் சிறு உருண்டைகளெல்லாம் பெரும்பாலும் அம்முறையிலேயே செய்யப்படுகின்றன.

பச்சை உணவுக் கட்சியின் வாதம்

அவுஸ்திரேலிய மிருக வைத்தியரான இயன் பில்லிங்கேர்ஸ்ற் 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். நாய்க்கு எலும்பு கொடுங்கள் என்பதே அதன் தலைப்பின் பொருள். ஓநாயின் வழியில் வந்த நாயின் உடல், பச்சை இறைச்சிக்கும் எலும்புக்குமே அமைந்தது என்று அவர் வாதித்தார். 2007இல் நிகழ்ந்த ஓர் அனர்த்தம் இவ்வாதத்துக்கு மேலும் வலிமை தந்தது. மெலமைன் என்னும் இரசாயனப் பொருள் கலக்கப்பட்ட கோதுமைப் புரதம் சீனாவிலிருந்து வட அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. அதனாற் செய்த உணவைத் தின்று நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. பல நிறுவனங்கள் தம் பண்டங்களைக் கடைகளிலிருந்து மீளப் பெற நேர்ந்தது. பையின் மேலுள்ள அழகிய படத்தை நம்பியவர்கள் பின்னர் நம்பிக்கை இழந்தமை வியப்பன்று.

பச்சை உணவுக்கு நற்குணங்களும் உள. அது எளிதிற் செரிக்கிறது, மலம் குறைகிறது, நாய் விரும்பி உண்கிறது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓநாயைச் சாட்சிக்கு அழைக்கும்போது இரு உண்மைகள் மறக்கப்படுகின்றன.

முதலாவது, நாய் இன்று ஓநாய் அன்று. சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் அமிலேசு என்னும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயிடம் 2 பிரதிகளே உண்டு. நாய்களிடமோ 4 முதல் 30 வரை காணப்பட்டன. மனிதன் பயிரிட்டு உண்ணத் தொடங்கிய காலந்தொட்டு, அவனுடைய தானியத்திற் பங்கு பெற்ற நாயின் உடலும் அதற்கேற்ப மாறியது. தலைமுறை தலைமுறையாகச் சோறுண்ட நம் ஊர் நாய், இயற்கைக்கு மாறாக நடந்துவிடவில்லை.

இரண்டாவது, ஓநாய் உண்பது இறைச்சிக் கடையில் வெட்டித் தரும் சதைத்துண்டை அன்று. அது இரையின் எலும்பு, ஈரல், குடல், இரத்தம் எல்லாவற்றையும் உண்கிறது. வெறுஞ் சதையில் கல்சியம் மிகக் குறைவு. பொசுபரசோ அதனிலும் பதினைந்து, இருபது மடங்கு மிகுதி. நாயின் உணவில் கல்சியம் பொசுபரசிலும் குறையாமலும், அதன் இரு மடங்கை மிஞ்சாமலும் இருத்தல் வேண்டும். இறைச்சியை மாத்திரம் உண்ணும் குட்டியின் உடல், இரத்தத்துக்கு வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே கரைத்து எடுக்கும். எலும்பு மெலிந்து, வளைந்து, சிறு துள்ளலிலும் முறியும். குறையை நீக்குவதற்கு எலும்பை அளவின்றிக் கொடுத்தாலும் கேடுண்டு. எலும்புத்துண்டு தொண்டையிலோ குடலிலோ சிக்கலாம், பல் பிளக்கலாம். ஈரல் மிகுந்தால் விற்றமின் ஏ மிகுந்து எலும்பைத் தாக்கும். சிலவகை மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதியம் விற்றமின் பீ 1ஐ அழித்துவிடும். 1930களில் அமெரிக்க நரிப் பண்ணைகளில் பச்சை மீன் உண்ட நரிகள் கால் வழங்காது வீழ்ந்து மடிந்தமைக்கு இதுவே காரணம். மீனை வேகவைத்தால் அந்நொதியம் செயலற்றுப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள்

குறைபாடு நாயை மட்டும் வருத்தும்; நோய்க்கிருமியோ வீட்டார் அனைவரையும் வருத்தும். ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், 196 பச்சை உணவு மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 15 மாதிரிகளில் சல்மொனெல்லாவும், 32இல் லிஸ்தீரியாவும் காணப்பட்டன. நெதர்லாந்தில் 2018இல் வெளியான ஆய்வு, உறையவைத்து விற்கப்பட்ட 35 பண்டங்களைச் சோதித்தது. அவற்றுள் 28இல், பல மருந்துகளுக்கும் அடங்காத ஈ. கோலை பற்றீரியா இருந்தது.

குளிர்ப்பெட்டியில் வைத்து உறையச் செய்தால் இவை மடிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உறைகுளிரில் இப்பற்றீரியாக்கள் பெரும்பாலும் உறங்குமே தவிர இறப்பதில்லை. இறைச்சி இளகியதும் மீண்டும் பெருகும். நம் நாட்டு வெப்பத்தில் அப்பெருக்கம் மிக விரைவானது. வேறொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சல்மொனெல்லாவைச் சுமக்கும் நாய் பெரும்பாலும் நோயுற்றதாகத் தோன்றுவதில்லை. வாலாட்டி ஓடிவந்து குழந்தையின் முகத்தை நக்கும், கிருமி கைமாறிவிடும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோயால் மெலிந்தோர் உள்ள வீட்டில் இந்த ஆபத்தைச் சிறிதென்று கொள்ளலாகாது. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012இல், பதப்படுத்தாத பச்சை இறைச்சியை நாய்க்கும் பூனைக்கும் அளிப்பதை ஊக்குவிக்கலாகாது எனத் தீர்மானித்தமைக்கு இதுவே காரணம்.

நியூசிலாந்து கற்ற பாடம்

பச்சை உணவால் ஒரு நாடே அல்லற்பட்ட கதையும் உண்டு. நியூசிலாந்து ஆடு வளர்க்கும் நாடு. அங்கே ஆட்டு மந்தையை மேய்க்க நாய் இன்றியமையாதது. பண்ணையில் ஆட்டை அறுத்ததும் அதன் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவது அங்கு வழக்கமாயிருந்தது. அவ்வுறுப்புகளில் ஒருவகை நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருந்தன. நாயின் குடலுக்குச் சென்றதும் அவை அரிசிமணி அளவேயான புழுக்களாக வளர்ந்தன. புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, நாயின் மயிரிலும் புல்லிலும் படிந்தன. புல்லை மேய்ந்த ஆட்டின் உடலிலே கட்டி தோன்றியது. நாயைத் தடவிய கையைக் கழுவாது உணவுண்ட சிறுவனின் உடலிலும் தோன்றியது. ஈரலிலும் நுரையீரலிலும் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல வளர்ந்த அக்கட்டிகள் பலரைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளாக்கின. சிலரின் உயிரையும் கவர்ந்தன.

நாட்டு மக்கள் விழித்துக்கொண்டனர். 1959இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பச்சை உறுப்புகளை நாய்க்கு இடுதல் தடுக்கப்பட்டது. உத்தியோகத்தர்கள் ஊர் ஊராகச் சென்று நாய்களுக்குப் பேதி மருந்து கொடுத்துப் புழு உண்டா எனப் பார்த்தனர். அம்மருந்து எது தெரியுமா? நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கிலே இயற்கையாக உள்ள அரிக்கோலீன் என்னும் பொருளே அது! பின்னர் வீரியம் மிக்க வேறு மருந்துகளும் வந்தன. விடாமுயற்சியின் பயனாக, 2002ஆம் ஆண்டில் அந்நாடு இந்நோயினின்றும் நீங்கியதாகத் தற்காலிகமாக அறிவிக்கப்பட்டது. ஆட்டின் ஈரலை வேகவைத்தே நாய்க்கு இடுதல் என்னும் சிறு ஒழுக்கம், அவ்வெற்றியில் பெரும்பங்கு வகித்தது.

மாற்ற விரும்புவோர்க்கு

இத்தனையும் அறிந்த பின்னரும் உணவை மாற்ற விரும்புவோர் இருக்கலாம். நாய்க்குப் பைத்தீனி ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். அவர்கள் முதலில் ஒரு மிருக வைத்தியரைக் கண்டு, நாயின் வயது, எடை, நோய் ஆகியவற்றுக்கேற்ற உணவுத் திட்டம் ஒன்றைப் பெறுதல் வேண்டும். வளரும் குட்டியை, சிறப்பாகப் பெருஞ்சாதிக் குட்டியை, பரீட்சைப் பொருளாக்கலாகாது. மாற்றத்தை ஒரே நாளிற் செய்யாது, பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் நிறைவேற்ற வேண்டும். இறைச்சி வெட்டும் பலகையும் கத்தியும் வேறாக இருக்கட்டும். நாய் உண்டு மிஞ்சியதை உடனே அகற்றி, பாத்திரத்தையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். பூச்சி மருந்தைக் காலந் தவறாது கொடுத்தல் வேண்டும்.

நம் கருத்தில், வீட்டிற் செய்த உணவை நாடுவோர் இறைச்சியையும் மீனையும் வேகவைத்துக் கொடுப்பதே மேலானது. வேகவைத்தலால் கிருமி ஒழியும். ஆனால் கல்சியக் குறை தீராது. அதற்கு வைத்தியரின் ஆலோசனை அப்பொழுதும் வேண்டும். நம்மவர் குழம்புச் சோற்றை நாய்க்கு இடும்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன; ஆகவே குழம்பிடாது, மசாலை சேராத சோறும் மீனும் முட்டையுமே கொடுத்தல் நன்று. வெந்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைத் துளைக்கும்; அதனையும் விலக்குக.

பை நல்லதா, பச்சை நல்லதா என்று கட்சி பிரிந்து வாதிடுவதாற் பயனில்லை. பையிலும் நஞ்சு கலந்ததுண்டு. பச்சையிலும் நோய் வந்ததுண்டு. இந்த உணவு நிறைவானதா, இது வீட்டார்க்குத் தீங்கற்றதா என்னும் இரு வினாக்களையே கேட்கவேண்டும். நாயின் மீது நாம் கொண்ட அன்பு உண்மையானதே. ஆனால் பேசத் தெரியாத உயிரைப் பேண அன்பு மட்டும் போதாது. அறிவும் அதற்குத் துணை நிற்றல் வேண்டும்.