ஏரிச் சேறும் நுண்ணுயிரும்

ஹைதராபாத்தில் வந்து குடியேறியுள்ள நாம் மாலை வேளைகளில் ஹுசேன் சாகர்க் கரையில் உலாவுவது வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் இப்ராஹிம் குலி குதுப் ஷாவின் காலத்தில் கட்டப்பெற்ற ஏரி அது. மழை பெய்ததும், சாலையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் வாகனப் புகைக்கரியும் குப்பை எரித்த சாம்பலும் ஓடைகள் வழியே ஏரியை நோக்கி இறங்குகின்றன.

இக்கரியில் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்னும் பொருள்கள் உள்ளன. ஆறு கரி அணுக்கள் கைகோத்து நிற்பது ஒரு வளையம். துணிப்பெட்டியில் இடும் நாப்தலீனில் அத்தகைய வளையங்கள் இரண்டு, பென்சோபைரீனில் ஐந்து. பின்னது புற்றுநோய் விளைவிப்பது. இவை நீரில் எளிதிற் கரையாமையால் சேற்றில் ஒட்டி நெடுங்காலம் தங்குகின்றன.

இவ்வளையங்களைப் பிளக்க வல்ல உயிர்கள் மண்ணிலேயே வாழ்கின்றன. சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள், தம்மிடமுள்ள நொதியின் உதவியால் பிராணவாயுவின் இரண்டு அணுக்களை வளையத்தில் பொருத்துகின்றன. அதனால் உறுதி குலைந்த வளையம் பின்னர்ப் பிளவுறுகிறது. கிடைத்த கரியை அவை உணவாகக் கொண்டு, கரியமிலவாயுவையும் நீரையும் வெளிவிடுகின்றன. நமக்கு நஞ்சாவது அவற்றுக்கு ஆகாரமாகிறது!

வங்கத்திற் பிறந்த அறிஞர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, நாப்தலீனையும் எண்ணெயின் வேறு பகுதிகளையும் சிதைக்கும் ஆற்றல்களை ஒரே பாக்டீரியத்தில் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை பெறலாம் என 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்ஙனமாயின், ஏரி தானே தூய்மையாகிவிடாதா என நாம் வினவலாம். சேற்றின் அடியில் பிராணவாயு அரிது. ஆகவே அங்கே சிதைவு மிக மெதுவாகவே நிகழும். களிமண் இறுகப் பற்றிய பொருள் நுண்ணுயிருக்கு எட்டாது. வளையங்கள் பெருகப் பெருக வேலையும் கடினமாகும். அழுக்கான சேற்றை வெளியே எடுத்துப் பரப்பி, காற்றும் ஈரமும் தழைச்சத்தும் மணிச்சத்தும் அளித்தால் வேலை விரைவுபடும். எனினும், நுண்ணுயிர் உண்ணும் வேகத்தை நாம் கொட்டும் வேகம் மிஞ்சுமானால், மிச்சம் நம் மக்களுக்கே சேரும்.

ஆதலின், தெருவில் குப்பையை எரிக்காதிருப்போம். வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதிருப்போம். பிறந்த ஊரின் குளத்தைப் போலவே, பிழைக்க வந்த ஊரின் ஏரியைக் காப்பதும் நம் கடனாகும்.