கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள்: பெற்றோர் கவனத்துக்கு!

சாலை பஜாரில் சுமை தூக்கும் தொழிலாளியானாலும், அலுவலகத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தாவானாலும், திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களின் கனவு ஒன்றுதான்: "நம் பிள்ளையாவது படித்து நல்ல நிலைக்கு வர வேண்டும்." அந்தப் பிள்ளை ஒரு நாள் காலையில் வயிற்று வலி என்கிறது, மறுநாள் தலைவலி என்கிறது. பள்ளிக்கூடம் போகச் சொன்னால் அழுகிறது. சோம்பேறித்தனம் என்று எண்ணி நாமும் இரண்டு அடி வைக்கிறோம்.

பல வீடுகளில் உண்மைக் காரணம் வேறாக இருக்கிறது. வகுப்பில் யாரோ சிலர் "பாண்டி" என்று அழைத்துச் சிரிக்கிறார்கள். மலையாளத்தைத் தமிழ்போல் உச்சரிப்பதைப் பேசிக் காட்டிக் கேலி செய்கிறார்கள். புத்தகத்தை ஒளித்து வைக்கிறார்கள், விளையாட்டில் சேர்ப்பதில்லை. வீட்டில் சொன்னாலோ, "வந்த ஊரில் வம்பு எதற்கு? பொறுத்துப் போ" என்ற பதில்தான் கிடைக்கிறது. அதன்பின் பிள்ளை எதையும் சொல்வதே இல்லை.

எது விளையாட்டு? எது கொடுமை?

பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வது இயல்புதானே என்று கேட்கலாம். இதற்கு விடை சொன்னவர்களில் முதன்மையானவர், நார்வே நாட்டுப் பேராசிரியர் டான் ஒல்வேயஸ். ஒரே பிள்ளையைக் குறிவைத்து, வேண்டுமென்றே, திரும்பத் திரும்பத் துன்புறுத்துவதும், அந்தப் பிள்ளை எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருப்பதும் சேர்ந்தால் அது விளையாட்டு அல்ல, கொடுமை என்றார் அவர். 1982-ஆம் ஆண்டு இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் இத்தகைய கொடுமையால் உயிரை மாய்த்துக் கொண்டார்கள். நாடே அதிர்ந்தது. 1983-இல் அரசு நாடெங்கும் பள்ளிகளில் இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களிடையே ஒல்வேயஸ் தம் முறையைச் செயல்படுத்தியபோது, கொடுமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆசிரியர்கள் இடைவேளையில் கண்காணித்தார்கள். வகுப்புகளில் தெளிவான விதிகள் வைத்தார்கள். தவறு செய்த பிள்ளையின் பெற்றோரையும் அழைத்துப் பேசினார்கள். பெரும் பணம் தேவைப்படவில்லை, அக்கறைதான் தேவைப்பட்டது.

நாங்குநேரி தந்த பாடம்

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மில் பலருக்குச் சொந்த மாவட்டமான திருநெல்வேலியில், நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை மறக்க முடியுமா? பிளஸ் டூ மாணவர் ஒருவரைச் சாதியின் பேரால் சக மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். அவர் பள்ளிக்கு வருவதையே நிறுத்தினார். காரணம் வெளியே வந்து, பள்ளியில் புகாரும் எழுதித் தரப்பட்டது. அதன்பின் இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அந்த மாணவர் உயிர் பிழைத்து, 2024-இல் பொதுத் தேர்வு எழுதி 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

புகாரை வாங்கினால் மட்டும் போதாது, புகார் தந்த பிள்ளைக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். இதையடுத்து தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

இங்கே ஒரு கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பிள்ளையைப் "பாண்டி" என்றால் நமக்கு நெஞ்சு எரிகிறது. அதே பிள்ளை, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையைச் சாதி சொல்லி இழிவாகப் பேசினால் நாம் கண்டிக்கிறோமா?

சட்டம் துணை நிற்கிறது

கேரளத்தில் 1998-ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. கல்லூரிக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அது கல்வி நிலையங்களுக்குப் பொதுவானது. உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு செய்வதும், அச்சமோ அவமானமோ உண்டாகுமாறு கேலி செய்வதும், வசைபாடுவதும் அதில் அடங்கும். மாணவரோ பெற்றோரோ ஆசிரியரோ எழுத்து மூலம் புகார் தந்தால், நிலையத்தின் தலைவர் 7 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். முதல் நோக்கில் உண்மை என்று தெரிந்தால் குற்றம் சாட்டப்பட்ட மாணவரைத் தற்காலிகமாக நீக்கி, புகாரைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். அவர் வாளாவிருந்தால், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றம் செய்தவர் 18 வயது நிறையாதவரானால், சிறார் நீதி வாரியம் விசாரிக்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் போலீஸ் தேவையில்லை. பெரும்பாலான தொல்லைகளை, தொடக்கத்திலேயே வகுப்பு ஆசிரியர் தீர்த்துவிட முடியும்.

செய்ய வேண்டியவை

முதலில் பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று எடுத்த எடுப்பில் அதட்டாதீர்கள். "நீயும் திருப்பி அடி" என்று தூண்டவும் வேண்டாம். என்று, எங்கே, யார், என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். பலனில்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். மலையாளம் எழுதத் தெரியாவிட்டால், தெரிந்த அண்டை வீட்டார் உதவியை நாடுங்கள். நகல் எடுத்து, தேதியுடன் கையொப்பம் வாங்குவது அவசியம். ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். பெற்றோர்–ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள். முகம் தெரிந்த பெற்றோரின் பிள்ளையை யாரும் எளிதில் சீண்டுவதில்லை.

அங்கும் தீராவிட்டால், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. கேரள போலீஸ் 2020-இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய "சிரி" என்ற தொலைபேசி ஆலோசனைத் திட்டம் உண்டு. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது.

செய்யக்கூடாதது ஒன்று: பள்ளியை நிறுத்தி, பிள்ளையை ஊரில் பாட்டியிடம் அனுப்பிவிடுவது. தவறு செய்தவன் வகுப்பில் இருக்க, பாதிக்கப்பட்டவன் படிப்பை இழப்பது எந்த ஊர் நியாயம்?

பார்த்து நிற்பவர்கள்

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் வகுத்த "கிவா" திட்டம், கொடுமை செய்பவனைவிடச் சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளிடம் அதிக கவனம் செலுத்துகிறது. அவர்கள் சிரித்தால் கொடுமை வளரும். சிரிக்காமல், பாதிக்கப்பட்டவன் பக்கம் போய் நின்றால் அது அடங்கும். எனவே, "உன்னை யாராவது அடித்தார்களா?" என்று மட்டும் பிள்ளையிடம் கேட்காதீர்கள். "வகுப்பில் யாராவது தனியாக உட்கார்ந்திருக்கிறார்களா? அவனோடு நீ பேசினாயா?" என்றும் கேளுங்கள். அந்தப் பிள்ளை தமிழனோ மலையாளியோ, வடக்கிலிருந்து வந்த கூலித் தொழிலாளியின் மகனோ, யாராக இருந்தாலும் சரி. அந்நிய ஊரில் தனித்து நிற்பதன் வேதனையை நம்மைவிட அறிந்தவர் யார்?