பஞ்சாயத்தின் சம்பளச் செலவும் தொண்டர் தீயணைப்புப் படையும்

பஞ்சாயத்தின் வரவு செலவுத் திட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் வாசித்துப் பார்த்த கிராமவாசிகள் மிகச் சிலரே ஆவர். கூட்டுறவுச் சங்கத்தின் ஐந்தொகையை மகாசபையில் கவனமாகக் கேட்டு, ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கும் விளக்கம் கோரும் அங்கத்தினர்கள்கூட, தாங்கள் செலுத்தும் வீட்டு வரி எவ்விதம் செலவாகின்றது என்பதைக் கிராம சபையில் வினவுவது அரிது. இந்த அசிரத்தையின் பலன் வேனிற்காலத்தில் வெளிப்படுகின்றது. கூரை பற்றி எரியும்போது வாளி எங்கே, ஏணி எங்கே, தொரட்டி எங்கே என்று எல்லாரும் தேடுகின்றனர். அவற்றுக்கென்று பணம் ஒதுக்கப்பட்டதா என்று முந்தின தை மாதத்தில் தேடியவர் ஒருவரும் இலர்.

கள்ளக்குறிச்சிச் சீமைக்கு இவ்விஷயம் மற்ற இடங்களைவிட அதிக அவசியமானது. முன்னர்த் தென்னாற்காடு ஜில்லாவிலும், 1993 முதல் விழுப்புரம் ஜில்லாவிலும் அடங்கியிருந்த இப்பகுதி 2019-ஆம் வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி தனி ஜில்லாவாயிற்று. சமவெளியில் கரும்பு பிரதானம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஏற்பட்டது அதனாலேயே. கரும்பு வெட்டியபின் வயலில் கிடக்கும் சோகைக்கு நெருப்பிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. காற்று திசை மாறினால் அடுத்த வயலின் வைக்கோற்போரும், அதற்கடுத்த மாட்டுக்கொட்டகையும் தப்புவதில்லை. மேற்கே கல்வராயன் மலையில் இலையுதிர் காடும், மூங்கிலும், கோரைப்புல்லும் மாசி பிறக்குமுன்னரே காய்ந்துவிடுகின்றன. காட்டோரத்துச் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில் புல் வேய்ந்தவை இன்னும் உண்டு. இம்மலை 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தபடியால், சாலை முதலிய வசதிகள் இங்கே மிகத் தாமதித்தே வந்தன என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

பட்டணத்துத் தீயின் கொடுமைக்கு 2021-ஆம் வருஷம் அக்டோபர் 26-ஆம் தேதி தீபாவளிக்கு முன்னர்ச் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடையொன்றில் நேர்ந்த விபத்தே சான்று. பலர் அதில் மாண்டனர். கூரையின் கொடுமையோ தமிழ்நாடு முழுவதும் அறிந்தது. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கொட்டகை எரிந்து 94 குழந்தைகள் இறந்தனர்.

இனி, தீயணைக்கும் செலவு யாருடையது என்னும் கேள்வி. சென்னை நகரில் 1908-இல் தீயணைப்புப் படை ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையங்கள் யாவும் மாகாண சர்க்காரின் தனி இலாகாவைச் சேர்ந்தவை. நிலைய அதிகாரி முதல் வண்டி ஓட்டுபவர் வரையில் எல்லாருக்கும் சம்பளம் சென்னைக் கஜானாவிலிருந்தே வருகின்றது. எனவே கள்ளக்குறிச்சி நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் தீயணைப்போருக்குச் சம்பளம் என்றொரு தலைப்பைத் தேடுவது வீண். பம்பாயில் நிலைமை வேறு. அங்கே தீயணைப்புப் படை மாநகராட்சிக்கே சொந்தம், சம்பளமும் ஓய்வூதியமும் நகரத்தாரின் வரியிலிருந்தே கொடுக்கப்படுகின்றன. நமது முறையினால் சிறு நகரங்கள் பெருஞ் சுமையொன்றினின்று தப்பின என்பது உண்மை. ஆனால் சுமை தப்பியவுடன் பொறுப்பும் தப்பியது என்ற எண்ணம் பரவிவிட்டது. இது தவறு. 1992-ஆம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தங்களில் நகராட்சிகளுக்கு உரியனவாகக் குறிக்கப்பட்ட 18 விஷயங்களுள் தீயணைப்பும் ஒன்று. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு உரிய 29 விஷயங்களின் ஜாபிதாவிலோ அந்தச் சொல்லே காணப்படவில்லை. கூரை வீடுகளும் போர்களும் அதிகம் உள்ள இடம் கிராமமே என்பதை நோக்கினால் இது விந்தையான குறைபாடு.

கிராமப்புறத்துக்குத் தீயணைப்பு வண்டி 20 நிமிஷத்துக்குள் சேர வேண்டும் என்பது இந்தியாவில் நிபுணர் வகுத்த அளவு. கச்சிராயபாளையத்தைக் கடந்து மலையேறும் பாதையை அறிந்தவர் எவரும், எந்த நிலையத்தினின்று புறப்பட்டாலும் மலையின் உட்பகுதிச் சிற்றூர்களை அந்த நேரத்துக்குள் எட்ட இயலும் என்று சொல்லத் துணியார். சில ஊர்களுக்குக் கடைசிப் பகுதி வண்டித்தடமேயன்றிச் சாலையன்று. ஆகையால் முதல் அரைமணி நேரம் ஊராருடையது. 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுப்பது முதற்காரியம். வண்டி வரும் வரையில் கைகட்டி நிற்பது காரியமன்று. இந்த அரைமணிக்காகவே தொண்டர் படை வேண்டும்.

படைக்குப் பணம் எங்கே என்பதைக் காண, பஞ்சாயத்தின் செலவு எவ்வாறு அமைகின்றது என்பதை அறிதல் அவசியம். எல்லாச் செலவிலும் முந்துவது சிப்பந்திகளின் சம்பளம். பஞ்சாயத்துக் காரியதரிசி, மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு மாதந்தோறும் கொடுத்தே தீர வேண்டும். ஒரு மாதம் நிறுத்தினால் அவர்கள் அடுப்பும் ஊரின் குழாயும் ஒருங்கே நின்றுவிடும். அதற்கடுத்தது மின்சாரக் கட்டணம். பிறகு மோட்டார் பழுது, குழாய், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர். வெளியிலிருந்து வரும் மானியங்களும் கை விரித்துச் செலவிடத் தக்கவை அல்ல. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-ஆவது நிதிக் கமிஷன் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வகுத்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய 40 சதவிகிதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றாலும், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடலாகாது என்பது நிபந்தனை. கருவி வாங்க இடமிருந்தது, ஆளுக்குக் கொடுக்க இடமில்லை.

விளங்குவதற்காக ஒரு பஞ்சாயத்தைக் கற்பனை செய்து கொள்ளலாம். தொகைகள் யாவும் உதாரணத்துக்கே. வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், சந்தைக் குத்தகை முதலிய சொந்த வருமானம் ரூ. 3,00,000. மாகாண வரியில் கிடைக்கும் பங்கு ரூ. 9,00,000. ஆக வரவு ரூ. 12,00,000. செலவில் சம்பளம் ரூ. 5,00,000, மின்சாரம் ரூ. 4,50,000, மோட்டார், குழாய் பழுது ரூ. 1,20,000, விளக்கு, சுகாதாரச் சாமான் ரூ. 60,000, எழுதுபொருள், தணிக்கை, கூட்டச் செலவு ரூ. 30,000. ஆக ரூ. 11,60,000. மிச்சம் ரூ. 40,000. சிப்பந்திகளுக்குச் சம்பளம் நூற்றுக்கு எட்டு உயர்ந்தால் அந்த மிச்சம் முழுவதும் அதிலேயே மறைந்துவிடும். ஒரு கோடையில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் இரண்டு தடவை எரிந்தாலும் அப்படியே. வருஷக் கடைசியில் மிஞ்சுவதைத் தீயணைப்புக்குக் கொடுப்போம் என்று சொல்லும் தலைவர்கள் நல்லெண்ணம் உடையவரே. ஆனால் வருஷக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

தொண்டர் என்றால் செலவில்லை என்பது இதைவிடப் பெரிய மயக்கம். பன்னிரண்டு பேர் கொண்ட படைக்கு மேற்படி உதாரணத்தில் என்ன ஆகும்? விபத்து இன்ஷியூரன்ஸ் ஆளுக்கு ரூ. 500 வீதம் ரூ. 6,000. வருஷத்தில் நான்கு நாள் பயிற்சி. அன்றாடங் கூலிக்காரர் அந்நாளின் கூலியை இழப்பதால் ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ. 400 படி கொடுத்தால் ரூ. 19,200. தீ நேர்ந்து அழைக்கப்படும்போது கொடுக்கும் படிக்கு இருப்பாக ரூ. 10,000. கருவி பழுதுக்கு ரூ. 4,800. ஆக ரூ. 40,000. மிச்சத் தொகை முழுவதும் தீர்ந்தது; வாளியும் பம்பும் இன்னும் வாங்கவில்லை. படியைக் குறைக்கலாம், பயிற்சி நாளைக் குறைக்கலாம். இன்ஷியூரன்ஸைக் குறைப்பது மட்டும் கூடாது. கூரையிலிருந்து விழுந்து கால் முறிந்த தொண்டனின் குடும்பம் அடுத்த ஆறு மாதத்துக்கு என் செய்யும் என்பதற்கு விடை கூறாமல் ஒருவனை நெருப்பின் முன் நிறுத்துவது நியாயமன்று.

பிற தேசங்களிலும் இதே கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் சுமார் முப்பது பேரைச் சேர்த்துத் தீயணைப்புச் சங்கம் அமைத்தார். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் செலவில் தோல் வாளிகளும் பைகளும் வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு வராதவரிடம் வசூலித்த அபராதத்தைக்கொண்டு ஏணியும் கொக்கியும் எஞ்சினும் வாங்கினர். நமது கூட்டுறவு அங்கத்தினர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சிலி தேசத்தில் 1851-இல் வால்பரைசோ துறைமுகத்தில் தொடங்கிய தொண்டர் படை முறையே இன்றளவும் அத்தேசம் முழுவதிலும் நிலைத்திருக்கின்றது. ஜப்பானில் ஊர்த் தீயணைப்புப் படையினர் பிற தொழில் செய்வோரே. ஆயினும் சாதாரண அங்கத்தினருக்கு வருஷத்துக்கு 36,500 யென்னும், விபத்துக்குச் சென்ற நாளுக்கு 8,000 யென்னும் என்று அத்தேசத்துச் சர்க்கார் 2022 முதல் அளவு வகுத்தது. அமெரிக்காவில் இப்பொழுதுள்ள தொழிற் சட்டத்தின்படி, தொண்டருக்குக் கொடுக்கும் தொகை அவ்வேலைக்குச் சம்பளக்காரருக்குக் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அவரைத் தொண்டராகக் கருதுவது கடினமாகிவிடும்.

நமது தேசத்தில் எல்லை வேறு விதமாக வகுக்கப்பட்டது. 1946-இல் பம்பாயில் தொண்டாகத் தொடங்கிய ஊர்க்காவல் படை, நாளடைவில் பல மாகாணங்களில் வருஷக்கணக்காக நாள்தோறும் வேலை வாங்கும் படையாயிற்று. 2015-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் சுப்ரீம் கோர்ட்டார் அவர்களைச் சர்க்கார் சிப்பந்திகளாக்கும்படி உத்தரவிடவில்லை. எனினும் ஒரு மாதம் முழுவதும் வேலை செய்தால் போலீஸ்காரர் ஒருவரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சமமாகும்படி தினப்படி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். பஞ்சாயத்துகள் இதிலிருந்து அறிய வேண்டுவது தெளிவு. தொண்டரை அழைத்தபோது மட்டும் அழைத்துப் படி கொடுக்கலாம். மாதத் தொகை என்று தொடங்கி இரவுக் காவலுக்கும், வரி வசூலுக்கும், திருவிழாக் கூட்டத்துக்கும் அவர்களையே ஏவினால், அது சம்பளமே. பெயர் மட்டுந்தான் தொண்டு. அத்தகைய சம்பளத்தைத் தாங்கும் வரவு சிறு பஞ்சாயத்துக்கு இல்லை.

ஏற்கனவே சம்பளம் பெறும் சிப்பந்திகளுள் தீக்கு மிக வேண்டியவர் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர். தொட்டியின் சாவியும் மோட்டார் அறையின் சாவியும் அவர் இடுப்பில் இருக்கின்றன. அவர் சந்தைக்குப் போயிருக்கும் நாளில் தீ நேர்ந்தால் முப்பதாயிரம் லிட்டர் தண்ணீர் தலைக்குமேல் நின்றும் பயனில்லை. இரண்டாவது சாவி ஒன்று படைத்தலைவரிடம் இருக்கும்படி பஞ்சாயத்துத் தீர்மானிப்பதற்கு ஒரு பூட்டுச் சாவியின் விலைக்குமேல் செலவில்லை. தொட்டியின் அடியில் குழாய் மாட்டத்தக்க ஒரு வாய் அமைத்துவிட்டால், வரும் வண்டியும் அங்கேயே நீர் நிரப்பிக்கொள்ளலாம்.

காலக்கணக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. சர்க்கார் வருஷம் ஏப்ரல் முதல் தேதி பிறக்கின்றது. தீயின் காலமோ மாசியில் தொடங்கி வைகாசி வரையில் செல்கின்றது. பழைய வருஷத்துப் பணம் தீர்ந்து, புதிய வருஷத்துப் பணம் வந்து சேராத இடைவெளியில்தான் காடு எரிகின்றது. ஆகவே படைக்குரிய தொகையை ஏப்ரலிலேயே தனித் தலைப்பில் ஒதுக்கி, அதில் பாதியையாவது மாசிக்கென்று தொடாமல் வைத்தல் வேண்டும். ஜனவரி 26-ஆம் தேதிக் கிராம சபையில் தொண்டர் பெயர்களையும் படியின் விகிதத்தையும் தீர்மானமாக எழுதிக்கொள்வது உத்தமம். தீர்மானமும் தலைப்பும் இன்றிக் கொடுத்த படி, எவ்வளவு நியாயமானதாயினும், தணிக்கையில் ஆட்சேபணைக்கு உள்ளாகும். தலைவர் கைப்பொறுப்பாக முடியலாம்.

கருவிக்கான தொகையில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்குண்டு. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டமே, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்குச் சேர்த்தபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்து வரையில் ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் தரும காரியத்துக்குக் கொடுக்க இடமளித்தது. பொது நன்மை நிதி என்ற பெயரில் பல சங்கங்களின் கணக்கில் உள்ள தலைப்பு அதன் வழி வந்ததே. அநேக சங்கங்களில் இத்தொகை வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கின்றது. அதைக்கொண்டு வாங்கத்தக்கவை: இரும்பு வாளிகள், மணல் தொட்டி, கூரையை இழுத்துத் தள்ள நீண்ட மூங்கில் தொரட்டிகள், நனைந்த சாக்குகள், கையால் இயக்கும் பம்பு ஒன்று, தலைக்கவசங்கள், தோல் கையுறைகள். மலையில் காட்டுத்தீக்குத் தண்ணீர் உதவாது. பச்சைத் தழை கட்டிய அடிகோலும், அரிவாளும், மண்வெட்டியுமே உதவும். அங்குள்ள பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தேன், கடுக்காய் போன்ற காட்டு விளைபொருளை வாங்கி விற்பவையாதலால், காடு எரிந்தால் அவற்றின் வியாபாரமே எரிகின்றது. எனினும் வனத்துறையாரின் தீத்தடுப்புக் காவலர் இல்லாமல் தொண்டர் தனியே காட்டுக்குள் நுழையலாகாது. 2018-ஆம் வருஷம் மார்ச்சு 11-ஆம் தேதி தேனி ஜில்லாக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் சரிவில் தீயிடை அகப்பட்டு இறந்ததை மறத்தற்கில்லை. தீ சமவெளியில் ஓடுவதைவிட மேல்நோக்கி வெகு விரைவாக ஏறும்.

பயிற்சிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தீயணைப்பு நிலையத்தார் எழுதிக் கேட்டால் ஊருக்கு வந்து செயல்முறை காட்டுகின்றனர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சியும், கருவிப் பையும், இன்ஷியூரன்ஸும் தொண்டருக்கு அளிக்கப்பட்டன. அவ்விதம் பயிற்சி பெற்றவர் ஊரில் இருந்தால் அவரையே படைத்தலைவராக்கலாம்.

கூரையையே ஒழித்தால் படை எதற்கு என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. குடிசைகளுக்குப் பதிலாக ஒவ்வொன்றும் ரூ. 3,50,000 செலவில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் நோக்கத்துடன் 2024-இல் கலைஞர் கனவு இல்லத் திட்டம் தொடங்கப்பட்டது. கான்கிரீட் வீட்டின் பின்னும் வைக்கோற்போர் இருக்கும், மாட்டுக்கொட்டகை இருக்கும், கரும்புச் சோகை இருக்கும்.

வரும் மார்கழிக்குள் செய்யக்கூடியது இது. சங்கத்தின் நிர்வாகக் குழு பொது நன்மை நிதியில் உள்ள இருப்பைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதி, கருவிகளின் விலைப்பட்டியலையும் பன்னிரண்டு தொண்டர்களின் பெயர்களையும் சேர்த்து, படிக்கும் இன்ஷியூரன்ஸுக்கும் தனித் தலைப்பு வேண்டும் என்ற மனுவுடன் பஞ்சாயத்துத் தலைவரிடம் கொடுக்கலாம். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிச் சங்கத்துக் கோப்பில் வைக்க வேண்டும்.