வண்டி ஏன் நின்றது?

மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் நம்மில் பலர் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினை வெறித்துப் பார்ப்போம். அடுத்து, ஏதேனும் ஓர் உறுப்பை மாற்றுவோம். இவ்விரண்டாலும் பழுது தீர்ந்துவிடாது என்பதை என் தாய்மாமாவின் காண்டெஸா கார் எனக்குக் கற்பித்தது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் அறிமுகப்படுத்திய கார் அது. முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினோடு வந்தது. பின்னர் இஸுஸு வகை 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் பெற்று விரைவுக்குப் பெயர் வாங்கியது. 2002-இல் உற்பத்தி நின்றது. மாமாவுடையது 1.8 லிட்டர் கார்பரேட்டர் வண்டி.

ஊருக்குள் ஒழுங்காக ஓடும் அவ்வண்டி, நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் போனதும் திணறி நின்றுவிடும். அரைமணி கழித்துத் தானே கிளம்பும். பட்டறையில் காயில், பெட்ரோல் பம்ப், கார்பரேட்டர் என ஒவ்வொன்றாக மாற்றியும் பலனில்லை. கடைசியில், "எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார்கள். கையில் பணமில்லாத மாமா, காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடத் துணிந்தார்.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதைப் போதுமான அளவு அழுத்துதல், உரிய நேரத்தில் தீப்பொறி. சூடு ஆறிய பின் நன்றாக ஓடுவதால் அழுத்தத்தில் பெருங்குறை இராது எனக் கருதலாம். மற்ற இரண்டையும் வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற கணத்திலேயே சோதிக்க வேண்டும். காரணம் மறைந்த பின் தேடிப் பயனில்லை.

அவ்வாறே ஒருநாள் மாமாவுடன் சென்றேன். வண்டி நின்றது. உபரி பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினில் தொடவைத்துச் சுழற்றினோம்; நீலப் பொறி பளிச்சென்று வந்தது. அடுத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை இழுத்தேன்; கார்பரேட்டருக்குள் பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் பீய்ச்சவில்லை. வெப்பத்தால் குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டதோ என்று பம்பின்மீது ஈரத்துணி போட்டோம். பயனில்லை.

"டாங்கில் பெட்ரோல் இருக்கா பாருடா" என்றார் மாமா. மூடியைத் திருகினேன். "உஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தது! அதன்பின் வண்டி கிளம்பிவிட்டது.

காரணம் எளிது. பம்ப் தன் பக்கம் அழுத்தத்தைக் குறைக்கிறது. டாங்கிலுள்ள காற்றின் அழுத்தமே பெட்ரோலை அங்கே தள்ளுகிறது. பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும். பழைய மூடி தொலைந்தபோது நாங்கள் வாங்கிப் போட்ட மூடியில் அந்தத் துளை இல்லை. டாங்கில் அழுத்தம் குறைந்து, பம்ப் இழுத்தும் பெட்ரோல் வரவில்லை. நின்ற பின் இடுக்குகள் வழியே காற்று மெல்லக் கசிந்து புகுந்ததால் மீண்டும் ஓடியது. பட்டறையில் எஞ்சின் சும்மா ஓடும்போது பெட்ரோல் செலவு மிகக் குறைவு; ஆகவே அங்கே குறை தெரியவே இல்லை.

ஆயினும் ஒருமுறை கண்டதை முடிவென்று கொள்ளலாகாது. மூடியை இறுக்கி ஓட்டினோம், நின்றது. திறந்து மூடினோம், ஓடியது. வேறெதையும் மாற்றவில்லை. பிறகு துளையுள்ள சரியான மூடியைப் போட்டோம். மூடியைத் தளர்த்தி வைத்தே ஓட்டுவது தீ விபத்துக்கு வழி.

பழைய வண்டி வைத்திருப்போர்க்கு இன்னொரு செய்தி. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கவும் கூடும். அவற்றை அவ்வப்போது பார்த்து மாற்றுவது நலம்.

காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று டாரிசெல்லியின் பாதரசக் குழாயைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். அதே காற்று மாமாவின் டாங்க் மூடியிலும் இருப்பதை அறிய எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. காண்டெஸா இன்றும் ஓடுகிறது.