இல்லாத பல்லும் வம்சவழியும்

மகளுக்கு 11 வயது. மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு இருபுறமும் வரவேண்டிய வெட்டும்பற்கள், பால்பல் விழுந்து மூன்று வருடமாகியும் முளைக்கவில்லை. “வயித்துல புள்ள இருக்கக்குள்ள பால் குடிக்கச் சொன்னன், இவள் கேட்டாளா?” என்று உம்மா என் மனைவியைக் குறை சொன்னார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பல் வைத்தியர் எக்ஸ்-கதிர்ப் படமெடுத்தார். பற்கள் எலும்புக்குள் மறைந்திருக்கவில்லை, பல்முளையே உருவாகவில்லை. பிறகு என்னிடம், “நீங்களும் வாயத் திறங்க பாப்பம்” என்றார். என் மேல்வரிசையில் ஒரு பல் ஆணிபோல் சிறுத்துக் கூம்பியது. ‘எலிப்பல்’ என்று கூட்டாளிமார் பகிடி பண்ணிய பல். அதுவும் இதே குறையின் மெல்லிய வடிவமாக இருக்கலாம் என்றார்.

அதன் பிறகுதான் தேடி வாசித்தேன். ஞானப்பற்களை விட்டுப் பார்த்தால், சுமார் 100 பேரில் 6 பேருக்கு ஒரு நிரந்தரப் பல்லாவது பிறவியிலேயே இல்லை. பல்முளை உருவாகக் கட்டளையிடும் பரம்பரையலகுகளில் ஏற்படும் விகாரமே பெரும்பாலும் காரணம். எம்எஸ்எக்ஸ்1 என்ற அலகின் தொடர்பு 1996இலும், பாக்ஸ்9 என்பதன் தொடர்பு 2000இலும் கண்டறியப்பட்டன. இவ்விரண்டிலும் தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைவாசி வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பல் சிறுக்கும், இன்னொருவருக்கு இல்லாமலே போகும். ஆகவே ‘சொந்தத்துக்குள்ள முடிச்சதாலதான்’ என்ற பேச்சு எல்லாருக்கும் பொருந்தாது. இருபக்கத்தாலும் வந்தால் மட்டும் வெளிப்படும் வகைகளில்தான் உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுகிறது.

தாய்வழியாக வரும் வகையும் உண்டு. சிந்து பிரதேசக் குடும்பமொன்றில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே இருந்ததை டார்வின் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு உடலில் முடி குறைவு. வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதிப்பட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குக் குறையில்லை, ஆனால் அவர்களின் ஆண்மக்களுக்குப் போனது. பல்லோடு முடியும் வியர்வையும் குறைந்த பிள்ளையைக் கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எட்டொன்பது வயதில் ஒருபக்கப் பல் முளைத்து மறுபக்கம் தாமதித்தால் படமெடுத்துப் பாருங்கள். அடியில் பல் இல்லையென்றால், விழாத பால்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். அது பல காலம் நிற்கலாம். எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லுக்குத் தாடை வளர்ந்து முடியும்வரை பொறுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தவர், “உங்கட வாப்பாக்கும் அந்தப் பல்லு இல்லத்தானே” என்றார். குசினிக்குள் நின்ற என் மனைவிக்கும் அது கேட்டது. அன்றைக்கே பேசியிருக்க வேண்டியவன் நான்.