பிட்காயின் ஏன் வழியில் நிற்கிறது?

பம்பாய்க்கு வந்த புதிதில் ஊருக்கு டிரங்க் கால் போட்டவர்களுக்கு நினைவிருக்கும்: ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று தரம். குறைந்த காசு கொடுத்தவர் போனருகே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கூடக் கொடுத்தவருக்கு முதலில் லைன் கிடைக்கும். பிட்காயின் என்னும் கணினி நாணயத்தை அனுப்புவதிலும் ஏறத்தாழ இதே கதைதான். ஆனால் இங்கே கட்டணத்தை நிர்ணயிக்க இலாகா எதுவும் கிடையாது. 'நான் இவ்வளவு தருகிறேன்' என்று அனுப்புகிறவரே எழுதிப் போட வேண்டும்.

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் கணினித் துறையில் இருப்பதால் இந்தப் பேச்சு சாப்பாட்டு மேஜை வரை வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வரவில்லை.

பிட்காயின் கணக்குப் புத்தகத்தில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேருகிறது. அதற்கு 'பிளாக்' என்று பெயர். ஒரு பிளாக்கில் இடம் கொஞ்சம்தான். இடம் கிடைக்காத பரிமாற்றங்கள் 'மெம்பூல்' என்ற காத்திருப்போர் அறையில் நிற்கின்றன. பிளாக்கை எழுதும் 'மைனர்'கள் யார் அதிகம் தருகிறார்களோ அவர்களையே முதலில் அழைக்கிறார்கள். வியாபாரம்தானே!

கட்டணம் தொகையைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது. ரயில்வே பார்சல் ஆபீஸில் பெட்டிக்குள் இருப்பது பட்டுப் புடவையா பழைய பேப்பரா என்று பார்க்காமல் தராசில் வைக்கிறார்களே, அதுபோல. சில்லறை சில்லறையாக வந்து சேர்ந்த காசைத் திரட்டி அனுப்பினால் எடை கூடும். ஒரு பிட்காயினுக்கு 10 கோடி சடோஷி. சிறிய பரிமாற்றம் ஒன்றின் எடை சுமார் 140 'வர்ச்சுவல் பைட்'. பைட்டுக்கு 5 சடோஷி என்றால் கட்டணம் 700 சடோஷி.

எவ்வளவு போட வேண்டும் என்று வாலட் ஒரு கணக்குப் போட்டுச் சொல்லும். அண்மைய பிளாக்குகளையும் வரிசையின் நீளத்தையும் பார்த்துச் செய்யும் ஊகம் அது, அவ்வளவுதான். கூட்டம் திடீரென்று பெருத்தால் ஊகம் பொய்த்துவிடும். 2017 டிசம்பரில் சராசரிக் கட்டணமே 50 டாலரைத் தாண்டியது. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடை அந்த மாதமே பிட்காயின் வாங்குவதை நிறுத்திவிட்டது. 2024 ஏப்ரல் 20 அன்று சராசரி 100 டாலரையும் தாண்டியது.

எங்கள் காலனியில் ஒரு நண்பரின் மகன் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு டிசைன் வேலை செய்து பிட்காயினாகக் கூலி வாங்கினான். (அப்படி வாங்கலாமா, வரி எவ்வளவு என்பதெல்லாம் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய தனிக் கதை.) காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அனுப்பியவர் கட்டணத்தில் கஞ்சத்தனம் பிடித்திருந்தார். இரண்டு நாளாக வாலட்டில் 'அன்கன்ஃபர்ம்ட்' என்றே காட்டியது.

"மாமா, பணம் தொலைஞ்சு போச்சா?" என்று போனில் கேட்டான்.

"தொலையலைடா, க்யூவில நிக்குது" என்றேன்.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சீக்கிரம் முடித்துத் தருவதாக ஒருவன் போனில் பேசி, வாலட்டின் 12 சொற்களைக் கேட்டிருக்கிறான். அந்தச் சொற்கள்தான் பீரோச் சாவி. அவை கைமாறினால் அந்த வாலட்டில் ஒரு பைசா மிஞ்சாது. வரிசையை முன்னே நகர்த்த அந்தச் சொற்கள் யாருக்கும் தேவையே இல்லை.

அவனுக்கு வேறு வழி இருந்தது. வந்து நிற்கும் காசையே, இன்னும் பதிவாகாத நிலையில், தன்னுடைய மற்றொரு முகவரிக்கு அதிகக் கட்டணத்துடன் அனுப்பச் சொன்னேன். பின்னதன் கட்டணம் வேண்டுமென்றால் மைனர் முன்னதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். இரண்டின் எடைக்கும் போதுமான கட்டணம் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அன்று மாலைக்குள் இரண்டுமே ஏறிவிட்டன.

அனுப்பியவரே சரிசெய்வது இன்னும் சுலபம். பல வாலட்டுகளில் கட்டணத்தை உயர்த்தும் வசதி உண்டு. அதே காசைக் கொண்டு கூடுதல் கட்டணத்தில் புதிய பரிமாற்றம் எழுதப்படும். காசு ஒன்றே என்பதால் பழையது, புதியது இரண்டில் ஒன்றுதான் பதிவாக முடியும். பொறுமையிழந்து வாலட்டில் உள்ள வேறு காசை எடுத்து மறுபடி அனுப்பினால்தான் ஆபத்து. இரண்டும் போய்ச் சேரும். திருப்பித் தரச் சொல்ல மேலதிகாரி யாரும் இல்லை.

ஒன்றும் செய்யாமல் விட்டால்? பிட்காயின் கோர் என்ற பரவலான மென்பொருள், வழக்கமான அமைப்பில் 14 நாள் காத்திருந்து அந்தப் பரிமாற்றத்தைத் தன் அறையிலிருந்து வெளியேற்றிவிடும். அறை நிரம்பி வழிந்தால் குறைந்த கட்டணக்காரர்கள் அதற்கு முன்பே வெளியே. காசு அனுப்பியவரிடமே இருக்கும். ஆனால் இது ரத்து ஆகாது. அந்தப் பரிமாற்றத்தை யார் வேண்டுமானாலும் மறுபடி வலையில் விடலாம். உறுதியாக ரத்து செய்ய வேண்டுமென்றால் அதே காசை நல்ல கட்டணத்துடன் தன் பெயருக்கே அனுப்பி, அது பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். இப்படி மாற்றி எழுத முடியும் என்பதால், 'அனுப்பிவிட்டேன்' என்று திரையைக் காட்டுகிறவரிடம் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். சிறு தொகைக்கு ஒரு பிளாக்காவது ஏறட்டும். பெரிய தொகைக்கு 6 பிளாக், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், காத்திருப்பது பழைய வழக்கம்.