துணியில் நிறம் ஊன்றும் முறை: ஜவ்வாது மலைக் கடுக்காயை முன்வைத்து

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் திரட்டும் காட்டுப் பொருள்களுள் தேன், புளி ஆகியவற்றோடு கடுக்காயும் ஒன்றாகும். மருந்தாகவும் தோல் பதனிடும் பொருளாகவும் அறியப்பட்ட இக்காய், சோழமண்டலக் கரையின் துணி ஓவியத்திற்கும் அச்சுத் தொழிலுக்கும் அடிப்படையாகும். கரையில் விளையாத இது மலைக்காடுகளிலிருந்தே இறங்கியாக வேண்டும். ஆயினும் அத்தொழில் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் துறைமுகங்களோடு நின்றுவிடுகின்றன.

பருத்தி இழை சாயத்தை எளிதில் பற்றுவதில்லை. பற்றச் செய்யும் இடைப்பொருளே நிறமூன்றி. பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய கடிதம், துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பதைக் குறிப்பிடுகிறது. காயின் துவர்ப்புப் பொருள் இழையில் தங்குகிறது. பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கிறது. இரும்புத் துருவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரால் இத்துணியில் எழுதினால், துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருமை தோன்றும். படிகார நீரால் எழுதிய இடமோ அப்போது செந்நிறம் காட்டாது; சாயவேர் இட்ட கொப்பரையில் காய்ச்சிய பின்னரே சிவக்கும். நீலத்திற்கு முறை வேறு: நீலம் ஏறக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர்.

ஆகவே, சிவப்பைப் பொறுத்தவரை ‘வண்ணம் அச்சடித்தல்’ என்னும் வழக்கு பொருந்தாது. எழுதுகோலோ மரக்கட்டை அச்சோ துணியில் பதிப்பது நிறத்தை அன்று, நிறமூன்றியையே.

சொற்களும் கவனத்திற்குரியவை. கலம்காரி பாரசீக வழிப்பட்டது. சீட்டி வடக்கிலிருந்து வந்தது. பொருட்பெயர்களோ கடுக்காய், சாயவேர், அவுரி எனத் தமிழாகவே நிற்கின்றன. அவற்றுள் சாயவேர் ஆங்கிலத்திலும் ‘சே’ எனப் புகுந்தது. துவர் என்னும் சொல் துவர்ப்புச் சுவையையும் செந்நிறத்தையும் குறிக்கும். செந்நிற ஆடை துவராடை எனப்பட்டது. இதனைக் கொண்டே பழந்தமிழர் கடுக்காய் ஊட்டிச் சிவப்பேற்றினர் எனத் துணிவது மிகையாகும். காவிக்கல்லாலும் ஆடை சிவக்கும்.

கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பகுதிகளில் தேர்த் தொம்பைகளும் கோயில் விதானங்களும் இம்மரபில் உருவாயின. கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. இக்கலையின் சொற்களைத் தொகுப்போர் எழுதுவோரிடம் மட்டும் கேட்டு நிறுத்துதல் போதாது. காய் பொறுக்கும் பருவம், உலர்த்தும் முறை, தரம் பிரித்தல் பற்றி ஜவ்வாது மலையில் வழங்கும் சொற்களும் அத்தொகுப்பில் இடம்பெறுதல் வேண்டும்.